கால் பங்கு

நிமிடத்துக்கு நூற்று முப்பது என்றாள் ஃபர்ஹானா,
தக்காளி விலை சொல்வதுபோல.
ஆய்வுக்கூடத்தில் ஏசி ஒழுகும் மூலையில் ஒரு பக்கெட்.
தரையோடு போல்ட் முறுக்கிய சைக்கிள்.
அதன்மேல் நான், தொடையில் மூன்று ஒயர், கெண்டையில் இரண்டு.
ஜன்னலுக்கு வெளியே வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் போனது.
நான் போகவில்லை.

முப்பது நொடி, மிச்சம் வைக்காமல்.
முதல் ஐந்தில் யாரையும் ஜெயிப்பேன்.
பத்திலும்.
பதினான்காம் நொடியில்
தொடைக்குள் யாரோ ஒரு லோடு ஜல்லி கொட்டினார்கள்.

அடுத்த செவ்வாய் அதே முப்பது நொடி.
இந்த முறை எழுபதுதான்.
மிதிக்கு மிதி பேசின் பிரிட்ஜ் ஏற்றம்,
முழங்காலில் எலும்பு பேசியது.
ஆனால் களைப்பு
முன்கூட்டியே போன் பண்ணிவிட்டு வரும் சொந்தக்காரர்போல
மெதுவாக வந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு.

நொடியைப் பார்க்காதே, சுற்றை எண்ணு
என்று திரையைத் திருப்பினாள்.
அன்று அறுபத்தைந்து சுற்று. இன்று முப்பத்தைந்து.
அன்றைய முப்பத்தைந்தாவது சுற்றில் விரலை வைத்தாள்.
இரண்டு கோடும் ஏறக்குறைய ஒரே பள்ளத்தில்.

கால் கடிகாரம் பார்ப்பதில்லை போல.
கவுன்ட்டரில் உட்கார்ந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்:
வியாசர்பாடி ஜீவாவில், ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை.
எட்டு மணி நேரம் என்னை அசத்துவதில்லை,
ஆவடி ஒரு ரிட்டர்ன், ஆவடி ஒரு ரிட்டர்ன்,
சில்லறை இல்லையா என்ற நாலாயிரம் முகம் அசத்தும்.

பிறகு அவள் சொன்னதுதான் இன்னும் கூடவே வருகிறது.
சதை இறுக நேரம் வேண்டும், சரி.
இறுகியது தளரவும் வேண்டும்.
நூற்று முப்பதில் ஒரு சுற்றுக்கு அரை நொடிகூட இல்லை.
களைத்த தொடை, விடச் சொன்ன பிறகும் விடாது.
கீழே தள்ளிய கால் மேலே ஏறும்போது
பழைய தள்ளலையே தள்ளிக்கொண்டிருக்கும்.
வலதை இடது தூக்குகிறது.
என்னை நானே சுமந்துகொண்டு பந்தயம் ஓடுகிறேன்.

கால் என்றால் கால்.
பழைய அகராதியில் காற்று, சக்கரம்.
கணக்கில் நாலில் ஒன்று.
ஒரு சுற்றில் நான் நிஜமாக மிதிப்பது அவ்வளவுதான்,
உச்சி தாண்டி இறங்கும் கொஞ்ச வழி.
மீதி முக்கால், வழிவிடுவது.
பதினோரு வருடம் அந்தக் காலுக்கே எண்ணெய் தேய்த்தேன்.

தேர்வுப் போட்டி கத்திரியில் வந்தது.
வண்டலூர் தாண்டி ஒரு சிமென்ட் வளையம்;
கடற்காற்று அவ்வளவு தூரம் வர மூன்று மணி ஆகும்.
பின்சக்கரத்தில் ஒரு பல் குறைத்தேன்.
எதிரே காசிமேடு பெனிட்டா,
சின்ன கியரில் தையல் மெஷின் மாதிரி சுற்றுபவள்.
மணி அடித்ததும் அவள் போய்விட்டாள்.
என் கனத்த கியர் எழுந்து சோம்பல் முறித்து
புறப்படுவதற்குள் நாலு சைக்கிள் தூரம்.

கடைசி வளைவில் பார்த்தேன்:
அவள் இடுப்பு ஆட ஆரம்பித்திருந்தது.
ஜல்லி கொட்டுகிறார்கள்.
மூன்று சைக்கிள். ஒன்று. பாதி.
ஃபர்ஹானாவின் கோடு என் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது,
இன்னும் ஒரு பத்து மீட்டர் சிமென்ட் போட்டிருந்தால்.

போடவில்லை.
ஒரு டயர் அகலம்.

வேலி ஓரம், காய்ந்த புல்லில் இரண்டு பேரும் மல்லாந்தோம்.
ஒரே பாட்டில், வெந்நீராகியிருந்தது.
அவள் கெண்டைக்கால் மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது,
எந்த பெடலும் இல்லாமல், எண்ணக்கூட முடிந்தது.

விடுடி என்றேன்.
நான் எப்பவோ விட்டுட்டேன், என்றாள்,
அதுக்குத்தான் இன்னும் சேதி போகல.